திண்டுக்கல் பூட்டும் தனிக் கம்பியும்

கேள்வி: பொழுதுபோக்காகப் பூட்டுத் திறக்கும் கம்பிகள் வாங்கினேன். சிறிய பித்தளைப் பூட்டு திறந்துவிட்டது. தாத்தாவின் திண்டுக்கல் பூட்டோ அசையவில்லை. அதற்கெனத் தனிக் கம்பி வாங்கலாமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: இரண்டும் வெவ்வேறு இனம். சிறிய பூட்டுகளில் பெரும்பாலும் ஸ்பிரிங்கால் அழுத்தப்பட்ட பின்கள் (சிறு உலோக ஊசிகள்) இருக்கும். சாவி நுழையும் உருளையை இலேசாகத் திருகிப் பிடித்தால், செய்நேர்த்தியிலுள்ள நுண்ணிய வேறுபாட்டால் ஒரு பின் முதலில் இறுகும், அதை உரிய அளவு உயர்த்தியதும் அடுத்தது இறுகும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டில் இருப்பவை லீவர் தகடுகள். ஒவ்வொரு தகட்டையும் குறித்த உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழின் முளை தகட்டிலுள்ள வெட்டுக்குள் நுழையும். உயரம் மயிரிழை கூடினாலும் தடுக்கும். ஆகவே தாழைத் தள்ள ஒரு தண்டும், தகடுகளைத் தூக்க இன்னொரு கம்பியும் சேர்ந்த தனிக் கருவி தேவைதான். ஆனால் இப்போதே வேண்டாம். முதலில் பின்கள் உள்ள சிறிய பூட்டில் திருகும் விசையை விரல் பழகட்டும் (தொடக்கக்காரர்கள் பெரும்பாலும் அளவுக்கு மீறி அழுத்துகிறார்கள்). வேலூர் லாங்கு பஜார்ப் பக்கம் பழைய லீவர் பூட்டு கிடைத்தால், முகப்புத் தகட்டை அறுத்து உள்ளே பாருங்கள். கருவியைவிட அது அதிகம் கற்றுத்தரும். பழகுவது உங்கள் சொந்தப் பூட்டாகவும், கதவில் பயன்பாட்டில் இல்லாததாகவும் இருக்கட்டும். தகடு வளைந்தால் சாவியும் சுற்றாது.