அலாரம் அடிச்சாலும் 'ஆஃப்', கரண்ட் போனாலும் 'ஆஃப்'

அண்ணே, ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம் ஊர்லேர்ந்து எழுதுறேன், பேங்க் எக்ஸாமுக்கு படிக்கிறேன். மாடல் டெஸ்ட்ல 'தி அலாரம் வென்ட் ஆஃப்'னு வந்துச்சு, அலாரம் நின்னுபோச்சுன்னு டிக் பண்ணேன், தப்புன்னுட்டான். ஆனா 'தி லைட்ஸ் வென்ட் ஆஃப்'னா லைட் அணைஞ்சதுதானாம். அது எப்படிண்ணே ஒரே வார்த்தை? புக்ல பத்து அர்த்தம் போட்டிருக்கு, எப்படி மனப்பாடம் பண்றது? அப்புறம், எங்கப்பா விசைப்படகுல போறவரு, 'மை ஃபாதர் வென்ட் ஆஃப் டு சீ'ன்னு எழுதலாமா?

தம்பி,

மனப்பாடம்லாம் பண்ணாதீங்க, எக்ஸாம் ஹால்ல ஒண்ணும் நிக்காது.

நமக்கு 'ஆஃப்'னாலே ஸ்விட்ச்தான் ஞாபகம் வரும், ஃபேன் ஆஃப், மோட்டார் ஆஃப். ஆனா ஸ்விட்ச் வர்றதுக்கு பல நூறு வருசம் முன்னாடியே அந்த வார்த்தை இருக்கு. 'கப் ஆஃப் டீ'ல வர்ற ஒத்தை எஃப்பும் இந்த ரெட்டை எஃப்பும் ஒரு காலத்துல ஒரே சொல்லுதான், 17ஆம் நூற்றாண்டு வாக்குலதான் தனித்தனி ஆச்சு. அடியில இருக்குற அர்த்தம், ஒண்ணை விட்டு விலகிப் போறது.

வீட்ல சாவி குடுக்குற பழைய டைம்பீஸ் இருந்தா பின்மூடியைக் கழட்டிப் பாருங்க, அலாரத்துக்குன்னு தனி ஸ்பிரிங் இருக்கும், அதை முறுக்கி வச்சாலும் சுத்தியல் ஆடாது, ஏன்னா ஒரு சின்ன லீவர் அதைப் பிடிச்சு வச்சிருக்கும், நீங்க வச்ச நேரத்துக்கு சக்கரம் வந்து சேந்ததும் லீவர் நகந்து பிடியை விட்டுடும், அப்புறம் ஸ்பிரிங் தீர்ற வரைக்கும் அடிதான். பிடியை விட்டுப் போச்சு, அதான் வென்ட் ஆஃப். துப்பாக்கிக்கும் பாமுக்கும் இதே கணக்கு.

லைட்டு எரியுற நிலையை விட்டுப் போகுது. வாடைக்காத்து நேரத்துல நம்மூர்ல பொசுக்குன்னு இருட்டானா 'கரண்ட் போச்சு'ங்கிறோம்ல, நாமளும் 'போ'வைத்தான் போடுறோம். ஐஸ் பத்தலன்னா மீன் கெட்டுப் போச்சு, இங்கிலாந்துக்காரன் 'தி ஃபிஷ் ஹேஸ் கான் ஆஃப்'ங்கிறான் (அமெரிக்காக்காரன் 'கான் பேட்'னுடுவான்). புள்ளை தூங்கிப் போச்சு, 'வென்ட் ஆஃப் டு ஸ்லீப்'. டீ மேல இருந்த ஆசை விட்டுப் போச்சுன்னாலும் 'கான் ஆஃப் டீ'தான். குடையை ஒருத்தன் தூக்கிட்டுப் போயிட்டா 'வென்ட் ஆஃப் வித் மை அம்ப்ரெல்லா', குடைக்குப் பதிலா ஒருத்தர் பொண்டாட்டின்னு வந்தா என்ன அர்த்தம்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

தேர்தல் மறுநாள் இங்கிலீஷ் பேப்பர்ல 'போலிங் வென்ட் ஆஃப் பீஸ்ஃபுல்லி'ன்னு வரும் பாருங்க, அது நின்னுபோனது இல்ல, அமைதியா நடந்து முடிஞ்சது. இந்த ஒண்ணை மட்டும் அப்படியே மனசுல வச்சுக்கங்க, காரணம் நோண்டுனா நேரம்தான் வேஸ்ட்.

எக்ஸாம்ல முதல்ல சப்ஜெக்ட்டைப் பாருங்க. அது அடக்கி வச்ச பொருளா (அலாரம், பாம், துப்பாக்கி), அப்ப கிளம்பிருச்சு. ஓடிக்கிட்டு இருக்குற பொருளா (லைட், ஹீட்டர்), அப்ப நின்னுருச்சு. அலாரம் நின்னுச்சுன்னு சொல்ல இங்கிலீஷ்காரன் 'ஸ்டாப்ட்'னு போடுவான். 'தி அலாரம் வென்ட் ஆஃப், ஸோ ஐ டர்ன்ட் இட் ஆஃப்'னு ஒரே மூச்சுல சொல்லுவான், முதல் ஆஃப் அடிக்குது, ரெண்டாவது ஆஃப் அணைக்குது, அங்க யாரும் குழம்ப மாட்டாங்க.

அப்பா விஷயம். நீங்க எழுதுனதுல கிராமர் தப்பில்ல, ஆனா படிக்கிறவன் உங்கப்பா வீட்டை விட்டுட்டு கப்பல் வேலைக்குப் போயிட்டாருன்னு நெனச்சுக்குவான். அவரு மீன்துறை டோக்கன் போட்டுட்டுப் போயி மறுநாள் காலைல சங்காயமும் (வலையில சேந்து வர்ற கழிவு மீன்) கணவாயுமா கரைக்கு வந்து நிக்கிற ஆளு. அதனால 'வென்ட் அவுட் ஃபிஷிங்'னு எழுதுங்க. படகைப் பத்திச் சொல்லணும்னா 'தி போட் புட் அவுட் டு சீ', அது சுத்தமான கடல்காரன் இங்கிலீஷு.