கரை ஏறும்போது டிராக்டர் முன்சக்கரம் தூக்குகிறதா? கொக்கி வாங்கும் முன்

தம்பி, நெல் மூட்டையோடு வாய்க்கால் கரை ஏறும்போது முன்சக்கரம் தூக்குகிறது, காரின் பின்னால் இழுக்கும் காரவன் என்ற வீட்டு வண்டிக்குப் போடும் பாரம் பகிரும் கொக்கியை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அது காருக்கான சாமான். அதன் ஸ்பிரிங் கம்பிகள் காரின் பின்பக்கம் அமுக்கும் பாரத்தில் ஒரு பங்கை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் தள்ளும். டிராக்டருக்கு வழி வேறு.

முதலில் கொக்கி எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். டாப் லிங்கிலோ (டிராக்டரின் பின்னால் மேலே இருக்கும் இணைப்புக் கம்பி) பின் அச்சுக்கு மேலேயோ மாட்டியிருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள், வண்டி பின்பக்கமாகக் கவிழ அது ஒரு முக்கியக் காரணம். கீழே உள்ள டிராபாரில்தான், அதாவது இழுவைக் கம்பியில்தான் இழுக்க வேண்டும்.

அப்புறம் மூட்டை அடுக்குவது. மூட்டை 60 கிலோ என்றால் 50 மூட்டை 3 டன். ரெண்டு சக்கர டிரெய்லரில் பாரம் அச்சுக்குச் சற்றே முன்னால் விழ வேண்டும். மொத்தத்தையும் முன்னால் குவித்தால் டிராக்டர் மூக்கைத் தூக்கும். பின்னால் குவித்தால் கொக்கியை மேலே நெம்பும், பின்சக்கரம் சேற்றில் சுற்றும், ரோட்டில் வால் ஆடும். எங்கள் வண்டியில் ஏற்றுகிறவர்கள் இறக்க வசதி என்று எப்போதும் பின்பக்கமே அடுக்குவார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்தது!

இவ்வளவுக்குப் பிறகும் தூக்கினால், கம்பெனி சொல்லும் அளவுக்கு முன் வெயிட் மாட்டுங்கள். கரையில் லோ கியர், கிளட்சை மெதுவாக விடுங்கள். மூக்கு எழும்பினால் உடனே கிளட்சை மிதித்து, பிரேக்கைப் பதமாகப் பிடியுங்கள்.