தீபாவளித் தள்ளுபடியும் ஒரு துக்க வீடும்

அன்புள்ள அக்கா,

சின்னாளபட்டியிலிருந்து எழுதுகிறேன். என் பெயரைப் போட வேண்டாம். இரண்டு வருஷமாக வீட்டிலிருந்தே சுங்குடிப் புடவை விற்கிறேன். எங்கள் ஊரில் சாயம் போடுபவர்களிடம் எடுத்து வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றிலும் படம் போடுவேன். தீபாவளிக்கு முன்பு என் போனில் இருந்த எண்களையெல்லாம் சேர்த்து ஒரு குரூப் ஆரம்பித்தேன். சொந்தக்காரர்கள், கூடப் படித்தவர்கள், பையன் பள்ளிக்கூடத்து அம்மாக்கள், ஏற்கெனவே வாங்கியவர்கள் என்று இருநூற்றுச் சொச்சம் பேர். தினம் முப்பது நாற்பது படம் போட்டேன். முதல் இரண்டு நாளிலேயே அறுபது பேர் வெளியே போய்விட்டார்கள். கல்லூரித் தோழி ஒருத்தி, "அப்பா போய் ஒன்பது நாள்தான் ஆகிறது. எனக்குத் தீபாவளித் தள்ளுபடியா அனுப்புகிறாய்?" என்று எழுதிவிட்டுப் போனாள். அவள் அப்பா இறந்தது எனக்குத் தெரியவே தெரியாது அக்கா.

அதே வாரம் வாடிக்கையாளர் ஒருவர், சாயம் போய்விட்டது என்று ஃபேஸ்புக்கில் எழுத, என் கணவர் கோபத்தில் "கொடுத்த காசுக்கு இவ்வளவுதான் வரும்" என்று பதில் போட்டுவிட்டார். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் திட்டினார்கள். இந்த வேலையே எனக்குச் சரிப்படாதோ என்று தோன்றுகிறது. நான் எங்கே தப்பு செய்கிறேன்?

*

அன்புள்ள தங்கைக்கு,

வியாபாரத்தை விட்டுவிடாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருந்தபடி, கடை வாடகை இல்லாமல், உங்கள் ஊர்ப் புடவையை எங்கோ இருப்பவருக்கு விற்க முடிவது பெரிய விஷயம். நீங்கள் அதைச் செய்யும் விதத்தில் சில மாற்றங்கள் வேண்டும், அவ்வளவுதான்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவுக்கு மாதம் ஒருமுறை தவணைக்காரர் ஒருவர் வருவார். சைக்கிள் கேரியரில் பழைய வேட்டியில் கட்டிய புடவை மூட்டை இருக்கும். வாசலில் நின்று மணியடித்துவிட்டு, "அம்மா, பிரிக்கட்டுமா?" என்று கேட்பார். வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். எங்கள் பாட்டி இறந்த மாதமும் வந்தார். சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்தவர் மூட்டையை இறக்கவே இல்லை. உள்ளே வந்து உட்கார்ந்து, அப்பாவிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டுக் கிளம்பினார். பாக்கித் தவணையைக்கூடக் கேட்கவில்லை. தெருமுனைப் பெட்டிக்கடையில் யார் வீட்டில் என்ன என்று விசாரித்துவிட்டுத்தான் தெருவுக்குள் நுழைவாராம். அது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவர் வருவதை நிறுத்தும்வரை அம்மா வேறு யாரிடமும் தவணைக்குப் புடவை எடுத்ததில்லை.

உங்கள் போனில் இருக்கும் இருநூறு பேரின் வீட்டு நிலவரம் உங்களுக்குத் தெரிய வழியில்லை. அதனால்தான் "பிரிக்கட்டுமா?" என்ற அந்தக் கேள்வி இங்கே இன்னும் முக்கியமாகிறது. ஒருவர் உங்களுக்கு எண் கொடுத்தது பள்ளிக்கூட வேன் எப்போது வரும் என்று பேசுவதற்காக. அந்த எண்ணைப் புடவை விற்க எடுத்துக்கொள்ளும் முன் அவரைக் கேட்டிருக்க வேண்டும். உங்கள் தோழியை நோகடித்தது தள்ளுபடிச் செய்தி என்றா நினைக்கிறீர்கள்? தன் பெயர் உங்களிடம் ஒரு பட்டியலில் ஒன்றாகிவிட்டதே என்ற நினைப்புதான் அவரை நோகடித்திருக்கும் என்று எனக்குப் படுகிறது.

குரூப்பில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. உள்ளே இருக்கும் ஒவ்வொருவருக்கும் மற்ற எல்லோருடைய எண்ணும் தெரியும். உங்களை நம்பி எண் கொடுத்த பெண்களின் எண்களை, அவர்களைக் கேட்காமலே, முன்பின் தெரியாத இருநூறு பேருக்குக் கொடுத்துவிட்டீர்கள். புடவை குரூப்பில் என் எண்ணைப் பார்த்து யாரோ ஒருவர் இரவு பதினொரு மணிக்கு "ஹாய்" என்று அனுப்பிய அனுபவம் எனக்கே உண்டு. வெளியேறிய அறுபது பேரில் பலர் இந்தப் பயத்தில்தான் போயிருப்பார்கள். இப்படி இழுத்துச் சேர்ப்பது பெரிய தொல்லையாகிப்போனதால்தான், தன்னை யார் குரூப்பில் சேர்க்கலாம் என்று அவரவரே தீர்மானிக்கும் வசதியை வாட்ஸ்அப் 2019-ல் கொண்டுவந்தது.

அந்தக் குரூப்பை இன்றைக்கே கலைத்துவிடுங்கள். அதற்கு முன் ஒரு வரி போடுங்கள்: "கேட்காமல் சேர்த்ததற்கு மன்னிக்கவும். புதுப் புடவைப் படங்கள் வேண்டுமென்றால் என் எண்ணைச் சேமித்துக்கொண்டு 'சரி' என்று தனியாக அனுப்புங்கள். பதில் வராதவர்களுக்கு இனி அனுப்ப மாட்டேன்." நாற்பது பேர் அனுப்பினால் போதும். அந்த நாற்பது பேரை வாட்ஸ்அப்பின் பிராட்காஸ்ட் லிஸ்டில் போடுங்கள், ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். ஒரு லிஸ்டில் 256 பேர்வரை சேர்க்கலாம். ஒருவருக்கு இன்னொருவர் எண் தெரியாது. உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேரும். இது ஒரு குறை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு இதுதான் அதில் பிடித்த விஷயம். உங்களை வேண்டும் என்று நினைப்பவர் மட்டும் அந்தப் பக்கம் இருப்பார். 2018-ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியையும் போட்டுக்கொள்ளுங்கள். புடவைப் படம், விலை எல்லாவற்றையும் அதன் கேட்லாகில் வைத்துவிட்டால் தினம் நாற்பது படம் அனுப்பும் வேலையே இருக்காது. வாரத்துக்கு ஒரு செய்தி போதும். மற்ற நாட்களில் ஸ்டேட்டஸ் இருக்கிறது, பார்க்க நினைப்பவர் பார்த்துக்கொள்வார். நிறையப் பேர் பிளாக் செய்தோ புகார் கொடுத்தோ உங்கள் எண்ணையே வாட்ஸ்அப் முடக்கிவிட்டால் இரண்டு வருஷ உழைப்பு போய்விடும், அதையும் மனதில் வையுங்கள்.

சரி, ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் என்ன போடுவது? நீங்கள் ஊரிலேயே இருப்பதால் ரொம்பப் பழகிப்போய், எங்களுக்கு எது அதிசயம் என்று உங்களுக்குத் தெரியவில்லை. துணியில் நூலால் சின்னச் சின்ன முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கும் கைமுடிச்சுச் சுங்குடியில், சாயம் காய்ந்தபின் துணியின் இரண்டு ஓரத்தையும் பிடித்து இழுப்பார்களே, நூல் முடிச்செல்லாம் படபடவென்று தெறித்து, உள்ளே ஒளிந்திருந்த புள்ளிகள் வரிசையாகத் திறக்குமே, அதை அரை நிமிடம் போனில் எடுத்துப் போடுங்கள். பாட்டு எதுவும் சேர்க்காதீர்கள், அந்தச் சத்தமே போதும். அப்புறம் ஒரு புள்ளியைக் கிட்டத்தில் காட்டுங்கள். கைமுடிச்சென்றால் ஒன்று போல ஒன்று இருக்காது, முடிச்சுப் போட்ட இடத்தில் துணி லேசாகக் குமிழ்ந்து நிற்கும். அச்சடித்த புள்ளி தட்டையாக, ஒரே அளவாக இருக்கும். இதைச் சொல்லிக்கொடுக்கும் ஒருவரிடம்தான் நான் புடவை வாங்குவேன்.

இதில் ஒரு கடமையும் உண்டு. இன்று சுங்குடி என்று விற்பதில் பெரும்பகுதி மெழுகு அச்சும் ஸ்கிரீன் பிரிண்ட்டும்தான் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அச்சு என்றால் அச்சு என்றே எழுதுங்கள். அதுவும் நல்ல புடவைதான், வெயிலுக்கு அதைப் போல வராது. ஆனால் மதுரை சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு, அதாவது ஓர் ஊரின் பெயரோடு சேர்ந்த பொருளுக்குத் தரும் சட்டப் பாதுகாப்பு, கிடைத்திருக்கிறது. கையால் ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போடும் பெண்களின் உழைப்பை அச்சுத் துணியின் மேல் எழுதுவது அவர்களுக்குச் செய்யும் துரோகம். விலையையும் படத்தின் கீழேயே எழுதிவிடுங்கள். "விலைக்கு இன்பாக்ஸ் வரவும்" என்பதைப் பார்த்ததும் நான் தள்ளிப் போய்விடுவேன். இணையத்தில் விற்பவர் மொத்த விலையைக் காட்ட வேண்டும் என்பது 2020-ல் வந்த மின்வணிக விதிகளிலும் இருக்கிறது.

அந்தச் சாயப் புகாருக்கு வருகிறேன். உங்கள் கணவரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பதிலைப் படித்தவர்கள் எல்லோரும், நாளைக்குத் தங்களுக்கும் இதே பதில்தான் வரும் என்று நினைத்திருப்பார்கள். புகாரை அழிக்காதீர்கள். கணவரின் பதிலை மட்டும் எடுத்துவிட்டு, அதே இடத்தில், "நேற்று எழுதிய பதில் தவறு, மன்னிக்கவும். அடர்நிறப் புடவை முதல் இரண்டு மூன்று அலசலில் சாயம் விடும், தனியாக அலச வேண்டும் என்று நாங்கள் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். மாற்றித் தருகிறோம்" என்று எழுதுங்கள். ஒரே ஒரு தடவை, எல்லோர் முன்னாலும். மீதியை அவரிடம் போனில் பேசுங்கள். சொன்னபடி மாற்றியும் கொடுத்துவிடுங்கள்; அந்தப் புடவையின் விலை உங்களுக்குப் பெரிய நஷ்டமாக இருக்காது. இனி ஒவ்வொரு பார்சலிலும் அலசும் முறையை ஒரு சின்னச் சீட்டில் எழுதிப் போடுங்கள்.

வாங்கியவர் புடவை கட்டிய படத்தை அனுப்பினால், கேட்டுவிட்டுப் போடுங்கள். பாராட்டிய செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடும்போது பெயர், எண், படம் மூன்றையும் மறைத்துவிடுங்கள். வேறு கடைக்காரர் எடுத்த படத்தை உங்கள் புடவை என்று போடாதீர்கள். இவற்றை நீங்கள் செய்திருப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை, இருந்தாலும் நிறையப் பேர் செய்கிறார்கள்.

உங்கள் தோழிக்கு மன்னிப்புக் கேட்டு வாட்ஸ்அப்பில் நீளமாக எதுவும் எழுத வேண்டாம். திண்டுக்கல் பக்கம்தான் இருக்கிறார் என்றால் ஒரு நாள் நேரில் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். தூரமென்றால் போன் செய்து அவருடைய அப்பாவைப் பற்றிக் கேளுங்கள், அவர் பேசட்டும். புடவைப் பேச்சை அவராக எடுக்கும்வரை நீங்கள் எடுக்காதீர்கள்.

அன்புடன்,
அக்கா