ஆவாரை: கேட்டதும் சொன்னதும்

அக்கா, எங்க ஆவாரை மஞ்சளாகப் பூத்துக் குலுங்குது. பக்கத்திலேயே தேனீப் பெட்டி இருந்தும் தேனீ அதிகம் வரலையே, ஏன்?

ஆவாரம்பூவில் தேன் கிடையாது தம்பி. மகரந்தம் மட்டும்தான். அதுவும் மகரந்தப் பையின் நுனியில் இருக்கும் சின்னத் துளை வழியாகத்தான் வெளியே வரும். காலை வெயில் ஏறும் நேரத்தில் செடி பக்கத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். கருவண்டு, அதாவது மரம் துளைக்கும் பெரிய கறுப்புத் தேனீ, வந்து மகரந்தப் பைகளைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். சிறகை மடக்கி வைத்தபடியே மார்புத் தசையை மட்டும் அதிர வைக்கும். பறக்கும்போது வரும் ரீங்காரத்தைவிடக் கீச்சென்று 'ர்ர்ர்' சத்தம் கேட்கும். அந்த அதிர்வில் மஞ்சள் பொடி அதன் வயிற்றில் கொட்டும். நீலப்பட்டைத் தேனீக்கும் இந்த வித்தை தெரியும். பெட்டித் தேனீக்குத் தெரியாது, சிந்தியதைப் பொறுக்கத்தான் வரும். பெட்டிக்காகத் தும்பையும் துளசியும் வையுங்கள்.

விதை போட்டு ஒரு மாசம் ஆச்சு, முளைக்கவே இல்லை.

விதைத்தோல் கெட்டி. உப்புத்தாளில் லேசாக உரசி, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப் போடுங்கள். ஐப்பசி மழைக்கு நிலத்திலேயே ஊன்றிவிடுவது நல்லது. ஆணிவேர் ஆழமாகப் போகும், பிடுங்கி நட்டால் வாடும்.

ஆடு மேயுமா?

பெரும்பாலும் வாய் வைக்காது.

இலையெல்லாம் பச்சைப் புழு. வேப்பெண்ணெய் அடிக்கவா?

தயவுசெய்து வேண்டாம் அம்மா. இலை நிறத்திலேயே, பக்கவாட்டில் வெளிர் கோட்டோடு இருந்தால் அது வெள்ளையன் பட்டாம்பூச்சியின் புழுவாக இருக்கும். அதற்கு ஆவாரை இலைதான் சோறு. கொஞ்சம் தின்றாலும் செடி தளிர்த்துவிடும், நான் ஒருநாளும் மருந்து அடித்ததில்லை.

காப்புக்கட்டுக்கு ஒடிச்சா செடி கெட்டுப்போகுமா? சர்க்கரைக்கு டீ போடவும் பறிக்கிறோம்.

ஒடியுங்கள். தோல் பதனிடப் பட்டைக்காகக் காலங்காலமாக வெட்டுப்பட்டும் அடியிலிருந்து துளிர்த்த செடி இது. ஆனால் ஒரே செடியை மொட்டையடிக்காதீர்கள், வண்டுக்கும் விதைக்கும் பாதிப் பூ இருக்கட்டும். சர்க்கரைக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு டீயை மட்டும் நம்ப வேண்டாம்.

கருவண்டு எங்க பந்தல் மூங்கிலை ஓட்டை போடுது. விரட்டலாமா?

அந்த ஓட்டைக்குள்தான் அது குஞ்சு வளர்க்கிறது. பந்தலுக்குப் புதுக் கழி போட்டுக்கொண்டு, பழையதை மழை படாமல் வேலியோரம் கட்டிவிடுங்கள். ஓட்டை வாய்க்குக் கீழே மரத்தூள் உதிர்ந்து கிடந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம்.