குடியை நிறுத்த மருந்து: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

குடிநோய் சிகிச்சைப் பிரிவில் மருத்துவராக இருக்கிறேன். மருந்து பற்றி வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். நான் சொல்லும் எண்களை வைத்துக்கொண்டு யாரும் தாங்களாகவே மருந்து வாங்கிச் சாப்பிட வேண்டாம். அளவு ஆளுக்கு ஆள் மாறும்.

கேள்வி: டாக்டர், என் கணவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்க ஒரு மாத்திரை இருக்கிறதாமே? அதன் பெயர் என்ன?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். எவ்வளவு வெறுத்துப்போயிருந்தால் இப்படிக் கேட்கத் தோன்றும் என்று எனக்குப் புரிகிறது. ஆனாலும் தயவுசெய்து செய்யாதீர்கள், அம்மா.

நீங்கள் சொல்வது டைசல்ஃபிரம். 1940களில் கோபன்ஹேகனில் ஹால்ட், யாக்கப்சன் என்ற இருவர் இதைக் குடற்புழு மருந்தாக ஆராய்ந்தார்கள். தாங்களே விழுங்கிப் பார்த்தபோது, அதன் மேல் மது குடித்ததும் உடம்புக்கு முடியாமல் போனது. காரணம் இதுதான்: மது உடலில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறும். அதைச் சிதைக்கும் நொதியை இந்த மாத்திரை தடுத்துவிடும். நச்சு தேங்கியதும் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் இறங்கும். இதய நோய் உள்ளவருக்கு உயிரே போகலாம்.

மாத்திரை உள்ளே இருப்பது தெரிந்தவர் குடிக்கப் பயப்படுவார். தெரியாதவர் எப்போதும் போலக் குடிப்பார், மயங்கி விழுவார். என்ன ஆயிற்று என்று அவருக்கும் தெரியாது, பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. பின்னால் விஷயம் தெரியவந்தால், உங்கள் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட நம்பி வாங்கிக் குடிக்க மாட்டார்.

இதே மாத்திரை வேறு விதத்தில் நன்றாக வேலை செய்கிறது. அவர் சம்மதித்து, தினமும் காலையில் உங்கள் எதிரில் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். மாலையில் நண்பர் கூப்பிடும்போது, 'காலையிலேயே மாத்திரை போட்டாயிற்று' என்ற ஒரு நினைப்பு அவரைத் தடுக்கும். கடைசியாகக் குடித்து குறைந்தது 12 மணி நேரம் கழித்தே தொடங்க வேண்டும். நிறுத்தின பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேகம் இருக்கும். ஆல்கஹால் கலந்த இருமல் மருந்து, வாய் கொப்பளிக்கும் திரவம்கூட ஆகாது.

கேள்வி: காலையில் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கிறது. நாளை முதல் ஒரேயடியாக நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன்.

முடிவு நல்லது. ஆனால் வீட்டில் தனியாகச் செய்யாதீர்கள். சட்டைப் பொத்தானைப் போட முடியாமல், தம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் தண்ணீரைச் சிந்துகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அந்த நிலையில் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு மனக்குழப்பம் வரும். இல்லாத பூச்சியும் ஆட்களும் கண்ணுக்குத் தெரியும். இது உயிருக்கே ஆபத்தான நிலை.

இதைத் தடுக்க டயஸிபாம், குளோர்டயஸிபாக்சைடு போன்ற, நரம்பை அமைதிப்படுத்தும் மருந்துகளைக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவோம். கூடவே தயமின் என்கிற வைட்டமின் பி1. பலர் இதைச் சத்து மாத்திரைதானே என்று விட்டுவிடுகிறார்கள். இது குறைந்தால் நடை தள்ளாடும், பார்வை பிசகும், ஞாபகசக்தி நிரந்தரமாகவே போய்விடலாம். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால் மருத்துவமனையில் சேர்ந்தே நிறுத்துங்கள்.

கேள்வி: பயமுறுத்துகிற மாத்திரை வேண்டாம். குடிக்கும் ஆசையையே குறைக்க எதுவும் இல்லையா?

இரண்டு இருக்கின்றன. நால்ட்ரெக்சோன், மது தரும் கிளர்ச்சியை மந்தமாக்கும். குடித்தாலும் பழைய சுகம் இருக்காது, அடுத்த ரவுண்டு வேண்டும் என்ற உந்துதலும் குறையும். வழக்கமாக தினம் 50 மில்லிகிராம். மாதம் ஒரு முறை போடும் ஊசியும் உண்டு. மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை வலி மருந்து எடுப்பவர்களுக்கு ஆகாது. அறுவை சிகிச்சை என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அகாம்ப்ரோசேட், குடியை நிறுத்திய பிறகு வரும் பதற்றத்தையும் தூக்கமின்மையையும் தணிக்கும். பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஆறு மாத்திரை. அதனாலேயே பாதியில் விடுகிறவர்கள் அதிகம்.

இந்த மருந்துகள் கிடைத்தால் பலன் பெறக்கூடிய எத்தனையோ பேருக்கு இப்படி இருப்பதே தெரியாது என்பதுதான் என் வருத்தம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போட யாரும் கூச்சப்படுவதில்லை. இதற்கு மட்டும் 'மனசு வைத்தால் போதும்' என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

கேள்வி: கல்லீரல் பாதித்திருக்கிறது. எது சரி?

டைசல்ஃபிரம் வேண்டாம். நால்ட்ரெக்சோனை ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அகாம்ப்ரோசேட் கல்லீரலுக்குச் சுமை தராது, ஆனால் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களுக்குச் சில மருத்துவர்கள் பேக்லோஃபென் என்ற, தசை இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்தைத் தருகிறார்கள்.

கேள்வி: மாத்திரைக்கு அடிமையாகிவிட மாட்டோமா?

டைசல்ஃபிரம், நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் மூன்றுக்கும் அந்தப் பயமே வேண்டாம். டயஸிபாம் வகை பழக்கமாகிவிடும். அதனால்தான் சில நாட்களோடு நிறுத்திவிடுகிறோம்.

கேள்வி: மூன்று மாதம் நன்றாக இருந்தேன், சார். போன வாரம் இரண்டு நாள் குடித்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. மாத்திரையை விட்டுவிடவா?

விடாதீர்கள். நால்ட்ரெக்சோனோ அகாம்ப்ரோசேட்டோ என்றால் அப்படியே தொடருங்கள். டைசல்ஃபிரம் என்றால் மட்டும், குடித்த உடம்போடு அதைப் போடாமல் மருத்துவரைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். எப்படியும் ஆறு மாதம், ஒரு வருடம் என்று போகிற சிகிச்சை இது. அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் இந்த வாரமே போங்கள். அந்த இரண்டு நாளில் நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள். யாரோடு இருந்தீர்கள், அன்று மாத்திரை போட்டீர்களா, எத்தனை மணிக்கு முதல் தடவை ஆசை வந்தது? இதையெல்லாம் வைத்துத்தான் மருந்தை மாற்றுவதா, அளவைக் கூட்டுவதா என்று அவர் முடிவு செய்வார்.