போக்கர் அறையில் லிஸ்ட்தான் சட்டம்

அமெரிக்காவுக்கு வேலைக்கு வந்து சில மாதங்களே ஆன ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சனிக்கிழமை இரவு நண்பர்கள் நான்கு பேராகப் போக்கர் என்ற சீட்டாட்டம் ஆடும் அறைக்குப் போனார்களாம். மேசைகள் காலியாகக் கிடந்தும் இரண்டு மணி நேரம் நிற்க வைத்துவிட்டார்களாம். புதிதாக ஓர் ஆட்டம் தொடங்கச் சொல்லிக் கேட்டதற்கும் சரியான பதில் இல்லையாம். "நாம் புதுசு என்பதால் இப்படி நடத்துகிறார்களா? எந்த ஊர் அறைகள் நல்லவை? எவ்வளவு பணத்தோடு போகலாம்? ஜெயிக்க வழி உண்டா?" என்று முடித்திருக்கிறார்.

தம்பி, ஊரும் ஜெயிக்கும் வழியும் ஆளுக்கு ஆள் மாறும், அதை விட்டுவிடுவோம். பணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன்: கிரெடிட் கார்டைத் தேய்த்து அங்கே ரொக்கம் எடுக்காதீர்கள். கட்டணமும் பிடிப்பார்கள், வட்டியும் அன்றே ஓடத் தொடங்கிவிடும். வயதைக் காட்ட அடையாள அட்டை கையில் இருக்கட்டும். நெவாடாவில் 21 ஆகியிருக்க வேண்டும். சரி, இடம் கிடைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் நான் வந்த புதிதில் சுவரோரம் நின்ற இரவுகள்தான் நினைவுக்கு வந்தன.

காலி மேசையைப் பார்த்துக் கோபப்படாதீர்கள். மேசை திறக்க முதலில் சீட்டுப் போடும் டீலர் வேண்டும். டீலர்கள் ஏறத்தாழ அரை மணிக்கு ஒரு முறை மேசை மாறிக்கொண்டும் நடுவே ஓய்வுக்குப் போய்க்கொண்டும் இருப்பவர்கள். ஒரு மேசை கூடினால் அந்தச் சுழற்சி முழுவதையும் மாற்றிப் போட வேண்டும். அப்புறம் ஆள். மேசைக்கு 9 பேர் அல்லது 10 பேர். காத்திருப்போர் லிஸ்டில் பத்துப் பெயர் இருக்கும், கூப்பிட்டால் ஆறு பேர்தான் வருவார்கள். சிலர் வேறு மேசையில் ஆடிக்கொண்டே பெயர் கொடுத்திருப்பார்கள், சிலர் வீட்டுக்கே போயிருப்பார்கள். ஐந்து பேரோடு தொடங்கிய ஆட்டத்தில் இரண்டு பேர் எழுந்தால் மேசை கலைந்துவிடும். அதனால்தான் ஃப்ளோர் மேற்பார்வையாளர் பெயர்கள் தேறும்வரை பிடிவாதமாகக் காத்திருப்பார். அது உங்கள் மேல் உள்ள வெறுப்பு இல்லை.

நுழைந்ததும் முகப்பு மேசைக்குப் போங்கள். அங்கே நிற்பவரை 'பிரஷ்' என்பார்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனி லிஸ்ட்: 1–2 நோ லிமிட்டுக்கு (கட்டாயப் பந்தயம் 1, 2 டாலர், அதற்கு மேல் கட்ட வரம்பில்லை) ஒன்று, 2–5க்கு ஒன்று, ஒமாஹா என்ற இன்னொரு வகைப் போக்கருக்கு ஒன்று. உங்கள் கைக்கு அடங்கும் எல்லா லிஸ்டிலும் பெயர் கொடுக்கலாம். ஒன்றில் ஆடிக்கொண்டே இன்னொன்றுக்குக் காத்திருக்கலாம். அன்று நடக்காத ஆட்டம் என்றால், ஆட விரும்புகிறவர்கள் பெயர் எழுதும் 'இன்ட்ரஸ்ட் லிஸ்ட்' திறக்கச் சொல்லுங்கள். யாரும் கேட்காத ஆட்டத்தை அவர்களாகத் தொடங்க மாட்டார்கள்.

பெயரைக் குட்டையாகக் கொடுங்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர், இணையத் தகுதிச் சுற்று வழியாக உலகப் போக்கர் போட்டியின் முதன்மை ஆட்டத்துக்குள் நுழைந்து 25 லட்சம் டாலர் ஜெயித்தார். அந்த ஆட்டத்தில் 2003-இல் 839 பேர். 2006-இல் 8,773 பேர். அவர் ஜெயித்ததைப் பார்த்து ஆட வந்த அந்த அலையின் நடுவில் வந்தவன் நான். எந்த அறைக்குப் போனாலும் ஒவ்வொரு லிஸ்டிலும் முப்பது நாற்பது பெயர். அப்போது திரை கிடையாது, வெள்ளைப் பலகையில் மார்க்கரால் எழுதுவார்கள். என் முழுப்பெயரை ஒலிபெருக்கியில் எப்படியோ உடைத்துப் படித்தார்கள். என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்பதே எனக்குப் புரியவில்லை. சில நிமிடங்களில் கோடு போட்டு அடித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். நான் போய்க் கேட்டபோது, லிஸ்டின் அடியில் மறுபடி எழுதிக்கொள்ளச் சொன்னார் பிரஷ். அன்றிலிருந்து நான் இரண்டெழுத்து. அந்த இரண்டெழுத்தை எந்த ஊர்க்காரரும் சரியாகச் சொல்லிவிடுகிறார். கூப்பிட்டதும் கையை உயர்த்தி "லாக் இட் அப்" என்று உரக்கச் சொல்லுங்கள். உங்களுக்காக அந்த இடத்தைப் பிடித்து வைப்பார்கள்.

இன்னொரு மனக்குறையும் எனக்கு உண்டு. பல அறைகளில் போன் செய்தே பெயர் கொடுக்கலாம். குறிப்பிட்ட நேரத்துக்குள் வந்து நேரில் காட்டிக்கொள்ள வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நான் முன்பு போய்க்கொண்டிருந்த ஓர் அறையில், பழகிய ஆட்கள் நேரம் கடந்து வந்தாலும் பெயர் அப்படியே மேலே நிற்கும். மணிக்கணக்கில் நின்ற நாங்கள் கீழேயே இருப்போம். அந்த இடத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். உங்களுக்கும் சந்தேகம் வந்தால் சண்டை போட வேண்டாம். திரையில் உங்கள் பெயர் எத்தனையாவது என்று பார்த்துவிட்டு, ஃப்ளோரிடம் நிதானமாகக் கேளுங்கள்.

இப்போது 'மஸ்ட் மூவ்'. இதைத்தான் நம்மவர்கள் அவமானமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே ஆட்டத்துக்கு இரண்டு மேசை ஓடினால், முதல் மேசை 'மெயின்'. இரண்டாவதில் உட்காருகிறவர்கள், மெயினில் இடம் காலியானதும், உட்கார்ந்த வரிசைப்படி அங்கே போயாக வேண்டும். சிப்ஸ் (பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லைகள்) முழுவதையும் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும், பாதியைப் பையில் போட முடியாது. மாட்டேன் என்றால் ஆட்டத்தை விட்டே எழுந்துவிட வேண்டும். இந்த விதி இல்லாவிட்டால் ஆளாளுக்கு இளிச்சவாயன் இருக்கும் மேசையைத் தேடி ஓடுவார்கள், முதலில் வந்தவர்களின் மேசை காலியாகிவிடும். எங்கள் கூட்டத்தில் ஒருவர், நல்ல படிப்பாளி, "இந்த மேசையில்தான் எனக்கு நல்ல சீட்டு வருகிறது, என்னை மட்டும் ஏன் கிளப்புகிறார்கள்?" என்று ஃப்ளோரிடம் குரலை உயர்த்தினார். அடுத்த வாரம் நாங்கள் போனபோது எங்கள் எல்லோரையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தார்கள். இப்படிப்பட்டவர்கள் மேல் எனக்குப் பொறுமை கிடையாது. ஒருவர் செய்வதற்குப் பின்னால் வருகிற பத்துப் பேர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மொழி விஷயத்திலும் அப்படித்தான். ஒரு கை, அதாவது ஒரு சுற்றுச் சீட்டு, ஆடிக்கொண்டிருக்கும்போது மேசையில் ஆங்கிலம் மட்டும் என்பது அமெரிக்க அறைகளில் பரவலான விதி. நண்பர்கள் இருவர் தமிழில் ஒரு வார்த்தை பேசினாலும், சேர்ந்து ஆடுகிறார்கள் என்று மற்றவர்கள் நினைக்க இடம் உண்டு. மேசையில் உட்கார்ந்துகொண்டு அம்மாவோடு போனில் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எழுந்து வெளியே போய்ப் பேசுங்கள். அதற்கும் கணக்கு இருக்கிறது: ஏற்கெனவே இரண்டு பேர் எழுந்து போயிருக்கும்போது மூன்றாவதாக நீங்களும் எழுந்தால், பல இடங்களில் சீக்கிரமே திரும்பியாக வேண்டும், இல்லாவிட்டால் சிப்ஸை எடுத்து வைத்துவிட்டு இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

மேசைக்குள் இடம் மாற டீலரிடம் 'சீட் சேஞ்ச் பட்டன்' கேளுங்கள். சிறிய வட்டத் தட்டு. உங்கள் சிப்ஸ் பக்கத்தில் கிடக்கும். அந்த மேசையில் யார் எழுந்தாலும், வெளியிலிருந்து வருகிறவருக்கு முன் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு. நான் உட்கார்ந்ததும் முதலில் பார்ப்பது யார் அதிகம் பந்தயம் ஏற்றுகிறார் என்பதைத்தான். அவர் என் இடப்பக்கம் இருந்தால் பெரும்பாலான கைகளில் எனக்குப் பிறகுதான் அவர் முறை வரும். வலப்பக்கம் இருந்தால் பெரும்பாலும் அவர் பந்தயம் கட்டிய பிறகுதான் என் முறை. அந்த ஒரு நாற்காலிக்காக மணிக்கணக்கில் பட்டனை வைத்துக் காத்திருந்திருக்கிறேன்.

டோர்னமென்ட்டில் இந்தத் தொல்லை ஒன்றுமில்லை. சீட்டுக் குலுக்கலில் இடம் விழும், மேசை கலைந்தால் அவர்களே மாற்றுவார்கள்.

அறைகளுக்கு எப்போதும் தேவைப்படுவது, ஆள் குறைவான மேசையில் உட்காரத் தயங்காதவர்கள். நான்கைந்து பேரோடு தொடங்க நம்மவர்கள் பலர் பயப்படுகிறார்கள், மேசை நிறைந்த பிறகு வருகிறேன் என்று நழுவிவிடுகிறார்கள். நான் அப்படி ஆடியே கற்றுக்கொண்டேன். இன்று நான் போகும் அறையில் புது ஆட்டத்துக்கு ஆள் குறைந்தால் முதலில் என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. அப்படி உட்காரும்போது ரேக்கை, அதாவது அறை தனக்கென எடுத்துக்கொள்ளும் பங்கை, குறைக்கச் சொல்லி ஃப்ளோரிடம் கேளுங்கள். ஆள் நிறையும்வரை பல இடங்களில் குறைப்பார்கள், ஆனால் கேட்டால்தான்.

எனவே அடுத்த முறை நான்கு பேரும் தனித்தனியாக நின்று முனகாதீர்கள். கிளம்பும் முன் போன் செய்து எந்த ஆட்டம் ஓடுகிறது, லிஸ்டில் எத்தனை பேர் என்று கேளுங்கள். போனதும் பிரஷிடம், "நாங்கள் நான்கு பேர், ஆள் குறைவாக இருந்தாலும் உட்காருவோம், 1–2 தொடங்க முடியுமா?" என்று கேளுங்கள். உறுதியான நான்கு பெயர் கையில் இருந்தால், டீலர் இருக்கும் இரவில் அவர்கள் மேசை திறக்க வாய்ப்பு அதிகம். திறந்த பிறகு உங்களில் ஒருவரை மெயினுக்குக் கூப்பிட்டால், அவர் மறுபேச்சில்லாமல் சிப்ஸைத் தட்டில் அடுக்கிக்கொண்டு எழுந்து போகட்டும். மற்ற மூவரும் அங்கேயே ஆடுங்கள்.