காலையில் மூச்சுப் பயிற்சி, மதியம் அடிதடி: எட்டாம் வகுப்புக்கு என்ன செய்யலாம்?

எட்டாம் வகுப்பில் தினமும் காலை ஐந்து நிமிடம் மூச்சுப் பயிற்சி செய்தும் மதியம் பையன்கள் அடித்துக்கொள்கிறார்கள் என்றால், பயிற்சியை நிறுத்த வேண்டாம், ஆனால் அது மட்டும் மதியச் சண்டையைக் குறைக்காது. பிரிட்டனில் 85 பள்ளிகளில் மனக்கவனப் பாடத்தை (மூச்சையும் மனதில் ஓடுவதையும் கவனிக்கப் பழக்கும் mindfulness பாடம்) சோதித்து 2022-ல் வெளியிட்ட ஆய்விலேயே, உணர்வுகளைக் கையாளவும் பிறரோடு பழகவும் சொல்லித்தரும் வழக்கமான வகுப்பைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை.

பையன்கள் கண்ணை மூடி உட்காரப் பழகியாயிற்று. குழாயடியில் ஒருவன் தோள் இடித்தால் "வேணும்னேதான் இடிச்சான்" என்று அந்த நொடியில் முடிவு கட்டுகிற பழக்கம் அப்படியேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த நொடியில் நின்று யோசிக்கப் பையன்களைப் பழக்குகிற, சிகாகோ பள்ளிகளின் 'பிகமிங் எ மேன்' திட்டத்தில் ஒரு பயிற்சி உண்டு. ஒருவன் கைக்குள் பந்து, அதை மற்றவன் 30 நொடியில் வாங்க வேண்டும். பெரும்பாலும் மல்லுக்கட்டுவார்கள். அப்புறம்தான் "ஏன்டா, கேட்டுப் பார்க்கலையா?" என்று பயிற்சி நடத்துகிறவர் கேட்பார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்பான் பந்து வைத்திருந்தவன்! இத்திட்டம் நடந்த காலத்தில் அதில் சேர்ந்த பையன்கள் வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதாவது 45-50% குறைந்தது, முடிந்தபின் அந்தப் பலன் நிலைக்கவில்லை. அதனால் இதை உங்கள் வகுப்பில் செய்தால் ஒரு நாள் விளையாட்டாக முடித்துவிடாதீர்கள்.

முதலில் ஒரு வாரம் சண்டை நடக்கிற இடத்தையும் நேரத்தையும் குறித்துப் பாருங்கள். எப்போதும் சாப்பாட்டு வரிசை என்றால் வரிசையைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

இன்னொன்று, சாதியைச் சொல்லி ஒருவனையே குறிவைத்து அடிக்கிறார்கள் என்றால் இது எதுவும் பொருந்தாது. அடிவாங்குகிறவனிடம் போய் மூச்சை இழுத்து விடு என்று சொல்லக் கூடாது, தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள்.